ஸ்காபுரோக் குளிருக்கு யாழ்ப்பாணத்தில் கையுறை வெட்டுவது: எது சரிவரும்?

நான் தையல்காரி. திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. பள்ளிக்கூட யூனிபோம், கூறைக்கு பிளவுஸ், கிழிந்த சிப் மாற்றுவது, இவைதான் தொழில். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகும்போது தலையைச் சுற்றி மஃப்ளர் கட்டுகிற ஊர் இது. அந்த நேரத்திலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. இங்கே இருந்துகொண்டு பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்குக் கையுறை வெட்டுவதென்றால் கொஞ்சம் பகிடிதான். ஆனால் போன வருடம் தை மாதத்தில் தம்பி கனடாவின் ரொறன்ரோவிலுள்ள ஸ்காபுரோவிலிருந்து போன் எடுத்தான்.

அவனுக்கு வானில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. "அக்கா, கிளவுஸ் போட்டால் ஸ்கானரை அமத்தேலாது. கழட்டினால் ரெண்டு நிமிசத்திலை விரல் விறைக்குது. திரும்பப் போட்டாலும் சூடு வராது. பத்து வீடு போனாப் பிறகு எந்த விரல் எங்கை இருக்கெண்டே தெரியாது." கடையில் வாங்கிய நாலு சோடி வானுக்குள் கிடக்கிறதாம். ஒன்று சூடு, ஆனால் திறப்பைப் பிடிக்க ஏலாது. மற்றது திறப்பைப் பிடிக்கும், சூடில்லை. மற்ற இரண்டும் எதற்கும் உதவாது. "நீ தைக்கிறனிதானே, ஒண்டு தைச்சு அனுப்பன்."

சரி என்று விட்டேன். சொல்வது சுகம். அதற்குப் பிறகு ஒரு வருடமாக ஆறேழு மாதிரி வெட்டி, தைத்து, பிரித்து, திரும்பத் தைத்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடையில் கிளவுஸ் வாங்கும்போதும், இங்கிருந்து பின்னியோ தைத்தோ அனுப்புபவர்கள் முடிவெடுக்கும்போதும் உதவும்.

முதலில் விரலைப் பற்றி ஒரு விஷயம். விரலுக்குள் அதை மடக்கி நீட்டுகிற தசை கிடையாது. அந்தத் தசைகள் பெரும்பாலும் முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டு வழியாக நாண்கள் ஓடி வந்து, பொம்மலாட்டக் கயிறு மாதிரி விரலை இழுக்கின்றன. தசை இல்லாத இடத்தில் சொந்தமாகச் சூடு பெரிதாக உண்டாகாது. விரலின் சூடு இரத்தத்தோடுதான் வந்தாக வேண்டும். விரலோ மெலிந்த உருளை. உள்ளே கொஞ்சச் சதை, வெளியே நிறையத் தோல். வரும் சூடு முழுவதும் அந்தத் தோல் வழியே போய்விடும். விரல் தோல் 15 பாகை அளவுக்கு இறங்கும்போதே நுணுக்கமான வேலை தடுமாறத் தொடங்கும். 8 பாகைக்குக் கிட்டப் போனால் தொடுகிற உணர்வே மங்கிவிடும். தம்பி சொன்ன "எந்த விரல் எங்கை இருக்கு" அந்த நிலைதான்.

இதற்கு மேலே உடம்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பது உடம்புக்கும் பொருந்தும். நெஞ்சும் வயிறும் குளிரத் தொடங்கினால் உடம்பு முதலில் கைகால் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் குறைக்கும். உள்ளுறுப்புகள் பிழைத்தால் போதும், விரல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. இதை நான் முதலிலேயே யோசித்திருந்தால் மூன்று சோடி துணி மிஞ்சியிருக்கும். யோசிக்கவில்லை.

சோதிக்க இடம் வேண்டுமே. பக்கத்துக் கடை அண்ணை ஐஸ்கிறீம் விற்கிறார். அவருடைய பெரிய பிறீசர் -18 பாகையில் நிற்கும். ரொறன்ரோவில் தை மாதத்துச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே சில பாகைதான் என்றாலும், மோசமான சில காலைகள் ஏறக்குறைய இந்தப் பிறீசர்தான். கை நுழையுமளவுக்கு மூடியைத் திறந்து, மேலே சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு, பத்து நிமிடம் கையை உள்ளே வைத்திருப்பேன். பிறகு உள்ளேயே வேலை: ஐந்து ரூபாய்க் குற்றியை எடுப்பது, பூட்டுக்குள் திறப்பைப் போட்டுத் திருப்புவது, ஸ்ரிக்கரின் ஓரத்தைக் கிளப்புவது, போனைத் தொட்டு ஒரு படம் எடுப்பது. ஐஸ்கிறீம் குடிக்க வந்த பிள்ளைகளுக்கு அன்றைய பகிடி நான்தான்.

முதலில் தடித்த ஐவிரல் கையுறை. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கடைகளில் அதிகம் தொங்குவதும் இதுதான். குளிர் கூடினால் இன்னும் தடிப்பாகத் தைத்தால் சரி என்று நானும் நினைத்தேன். சரிவராது. காரணம் விரலின் உருவம். மெல்லிய கம்பியைச் சுற்றித் துணி சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வெளிப்பக்கம் பெருத்துக்கொண்டே போகும். குளிர்காற்றைத் தொடும் பரப்பும் அதோடு கூடும். தட்டையான முதுகில் இரண்டு மடங்கு பஞ்சு வைத்தால் கிடைக்கும் பலன் விரலில் கிடைக்காது. ஆனால் விரல் அசையாமல் போவதோ துணிக்குத் தக்கபடி கூடிக்கொண்டே போகும். பிறீசருக்குள் குற்றியை எடுக்கப் போய் அதைப் பெட்டியின் அடிக்குத் தள்ளிவிட்டதுதான் மிச்சம். பனியில் நடக்க, பஸ்சுக்கு நிற்க, நாயை வெளியே கூட்டிப்போக இது போதும். வேலை செய்கிற கைக்கு வேண்டாம்.

மிற்றன், அதாவது பெருவிரலுக்கு ஒரு அறையும் மற்ற நாலு விரலுக்கும் ஒரே அறையும் உள்ள பை, சூட்டில் இதை அடித்துவிடும். நாலு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டு ஒன்றின் சூட்டை மற்றது வாங்கும். வெளியே தெரியும் பரப்பும் குறைவு. கனடாவின் வடக்கில் வாழும் இனுயிற் மக்கள் தோலால் தைத்துப் போடும் 'புவாலுக்' இந்த உருவம்தான். துருவக் குளிரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் ஐவிரலை விட்டு இதைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு மேலே எனக்கு வேறு சாட்சி தேவையில்லை. பிறீசரிலும் அப்படித்தான். பத்து நிமிடம் கழித்தும் கை இளஞ்சூடு. ஆனால் ஸ்ரிக்கர்? விட்டுவிடுங்கள்.

பாதி விரல் கையுறை பார்க்க அழகு, பின்னவும் சுகம். இங்கே குரோஷே தெரிந்த எந்தப் பிள்ளையும் இரண்டு நாளில் ஒரு சோடி பின்னிவிடும். விரல் நுனி வெளியே இருப்பதால் வேலைக்குக் குறையில்லை, சூட்டில்தான் குறை. முதலில் விறைப்பது நுனிதானே. அதோடு -20 பாகையில் நுனியால் இரும்புத் திறப்பைத் தொட்டால் சூடு ஒரே இழுவையாகப் போய்விடும். ஈரக் கை என்றால் ஒட்டவும் செய்யும். காற்றோடு சேர்ந்து உணரும் குளிர் -28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. இரவில் சூடு குறைத்து வைத்த வீட்டுக்குள் இருந்து தட்டச்சு செய்பவருக்கு, சங்கீத வகுப்புக்குப் போய் வீணையைத் தொடுமுன் கையைச் சூடாக வைத்திருக்க விரும்புபவருக்கு இது நல்லது. வெளிவேலைக்கு இல்லை.

இதற்கு ஒரு மூடி போட்டால் என்ன என்று பிறந்ததுதான் மூடி மிற்றன். பாதி விரல் கையுறையின் புறங்கையில் ஒரு தொப்பியைத் தைத்துவிடுவார்கள். தேவையானபோது விரலுக்கு மேலே இழுத்து மூடலாம், மற்ற நேரம் பின்னால் மடித்து வைக்கலாம். இதில் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. தைத்தும் அனுப்பினேன். தம்பி இரண்டு கிழமை போட்டுவிட்டு மூன்று குறை சொன்னான். மடித்த தொப்பிக்குள் பனி விழுந்து தேங்குகிறது. மூடும்போது அந்தப் பனி விரலுக்கு. தொப்பி தொடங்குகிற இடத்தில், முட்டிகளுக்கு மேலே, ஒரு பிளவு எப்போதும் காற்று வாங்குகிறது. மூன்றாவது, தொப்பியை மூட மற்றக் கை வேண்டும். அந்தக் கையில் பார்சல். ஆனாலும் பாதிக்குப் பாதி சரி என்றான். சிகரெட் பிடிக்கிறவனுக்கு இதைவிட நல்லது இல்லையாம். அவன் பிடிக்கிறானா என்று நான் கேட்கவில்லை.

நண்டுக்கை என்று நான் பெயர் வைத்திருப்பது மூன்று பிரிவுக் கையுறையை. பெருவிரல் தனி, சுட்டுவிரல் தனி, மற்ற மூன்றும் ஒன்றாக. இராணுவக்காரருக்குத் துவக்கின் விசையை இழுக்க இப்படித்தான் தைப்பார்கள். இரண்டு இரண்டாகப் பிரித்தால் குளிரில் சைக்கிள் ஓடுபவருக்குப் பிரேக் பிடிக்க வசதி. வான் ஓட்டுவதற்கு இது நன்றாக இருந்தது. ஸ்ரிக்கருக்கு இல்லை.

மின்சூட்டுக் கையுறையை நான் தைக்கவில்லை, தைக்கவும் மாட்டேன். கடையில் வாங்கிய ஒரு சோடியைத் தம்பி ஒரு நண்பனிடம் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தான். முழுச்சூட்டில் வைத்தால் வேலை நேரம் முடியுமுன் பற்றறி முடிந்துவிடும். லிதியம் பற்றறிக்குக் குளிரே ஆகாது. குளிரில் அதன் கொள்ளளவு இறங்கும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் பழுதாகும். வயரும் பற்றறியும் சேர்ந்து கை தடித்துவிடும். ரேனோ மாதிரி விரல் வெளுத்துப்போகும் நோய் உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம் என்பதை மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு, ஒரு டொலர் இரண்டு டொலருக்கு விற்கும் இரும்புத்தூள் சூட்டுப் பொட்டலம் போதும். காற்றுப் பட்டதும் உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துருப்பிடித்தலின் சூடுதான் அது. சில மணிநேரம் நிற்கும்.

இந்த ஆறேழு மாதிரிகளுக்குள் நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். பிளீஸ் துணியில் உடம்போடு ஒட்டிய மெல்லிய ஐவிரல் ஒன்று தைத்தேன். பிறீசரில் அபாரம். பத்து நிமிடம் கழித்துக் குற்றியை எடுத்தேன், பூட்டைத் திறந்தேன், ஸ்ரிக்கரைக் கிளப்பினேன். அண்ணையே "பிள்ளை, நீ கொம்பனி தொடங்கலாம்" என்றார். பெருமையோடு அனுப்பினேன். தம்பியின் பதில் ஒரே வரி: "அக்கா, அஞ்சு நிமிசம் தாங்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அவன் நொய்ந்துபோய்விட்டான் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள் பின்னேரம், பிறீசருக்குள் கையும் வெளியே உடம்புமாக நிற்கும்போது, நாடியால் வியர்வை ஒழுகி மூடியில் சொட்டியது. அப்போதுதான் விளங்கியது. நான் நின்றது 32 பாகை வெயிலில். என் உடம்பு சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் கைக்கு இரத்தத்தை அள்ளி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கைக்குச் சும்மா பனியன் துணி போட்டாலும் சூடாகத்தான் இருந்திருக்கும். நான் சோதித்தது என் கையுறையை இல்லை, யாழ்ப்பாணத்து வெயிலை.

உடனே போன் எடுத்து, ஜக்கெற்றுக்கு உள்ளே என்ன போடுகிறாய் என்று கேட்டேன். ரீசேர்ட். வானுக்குள் ஹீற்றர் போடுவதால் வியர்க்குமாம், அதனால் ஜக்கெற்றின் சிப்பையும் திறந்தே வைத்திருப்பான். கழுத்தில் ஒன்றுமில்லை. "ஒரு கையில்லாத பிளீஸ் வெஸ்ட் வாங்கு. கழுத்தைச் சுத்து. தொப்பி போடு. பிறகு அதே கிளவுசைப் போட்டுப் பார்." நாலு நாள் கழித்து வந்த பதில்: ஐந்து நிமிடம் பதினைந்து நிமிடமாயிருக்கிறது. கையுறையில் ஒரு தையல்கூட மாறவில்லை.

அதனால் இந்த ஒப்பீட்டைப் பார்த்து ஏதாவது வாங்கப் போகிறவர்கள் முதலில் வெஸ்ட்டுக்குக் காசு செலவழியுங்கள். கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை. வந்த சூடு போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

மீன் சந்தைக்காரரின் கையையும் அப்போது கவனித்தேன். பாசையூரில் விடியற்காலையில் ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ்கட்டியைக் கிளறிக்கொண்டே விலை பேசுவார்கள். "விறைக்காதோ அண்ணை?" என்றால் "முதல் கொஞ்ச நேரம்தான் பிள்ளை, பிறகு சூடு வரும்" என்பார்கள். அது வெறும் பழக்கம் இல்லை. குளிர்நீரில் வைத்த விரலின் இரத்தக் குழாய்கள் முதலில் இறுகி, ஐந்து பத்து நிமிடத்தில் தாமாகத் திறந்து, திரும்ப இறுகி, இப்படி மாறி மாறி வருவதை 1930இல் பிரித்தானிய மருத்துவர் தோமஸ் லூயிஸ் விவரித்திருக்கிறார். ஆனால் உடம்பு சூடாக இருந்தால்தான் அது நன்றாக நடக்கும். பாசையூரில் உடம்புக்கு என்ன குறை. ஸ்காபுரோவில் அதை நம்பிக் கையை வெளியே வைத்திருக்க ஏலாது.

கடைசியில் எனக்கு வழி காட்டியது சித்தப்பா. குருநகருக்கும் நோர்வேக்கும் பழைய தொடர்பு. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனார். பிறகு அவர் முயற்சியால் குருநகரில் சீநோர் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகு கட்டும் தளமும் வந்தன. எண்பதுகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நோர்வேயின் வடக்கு அந்தம், பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். சித்தப்பா அவர்களில் ஒருவர். கத்தி பிடித்து மீன் வெட்டும் வேலை. கை எப்போதும் ஈரத்திலும் குளிரிலும். "தடிச்ச கிளவுஸ் போட்டவன் விரலை வெட்டிப்போடுவான்" என்றார். அவர்கள் போட்டது இரண்டு: தோலோடு ஒட்டிய மெல்லிய பின்னல் கையுறை, அதற்கு மேலே ரப்பர். இடைவேளைக்கு இடைவேளை உள்ளே இருப்பதைக் கழற்றி, ஹீற்றரில் காயவைத்த இன்னொன்றைப் போடுவார்கள். ஈரம்தான் எதிரி என்றார். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வியர்வையில் நனைந்த துணி குளிருக்கு வழி விடுகிற துணி.

அந்த ஊர்ப் பழைய மீனவர் போட்ட மிற்றனைப் பற்றியும் சொன்னார். கம்பளி நூலில் கையைவிட மிகப் பெரிதாகப் பின்னி, கடல்நீரிலும் சூட்டிலும் கசக்கிக் கசக்கிச் சுருங்கவைத்து, இழைகள் இறுகிக் கெட்டியாகும்படி தடிக்கவைப்பார்களாம். ஈரத்தோடேயே போட்டு வலை இழுப்பார்களாம். கம்பளி தன் எடையில் 30 வீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகத் தெரியாது. அதன் சுருள் இழைகள் நனைந்தாலும் படுத்துவிடாமல் உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தி அப்படியில்லை. இங்கே ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் ரப்பர்ப் புள்ளி வைத்த வெள்ளைப் பருத்திக் கிளவுசை உள்ளே போடலாமோ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வேண்டாம்.

இதற்குப் பிறகு தம்பியிடம் ஒரு கணக்குக் கேட்டேன். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தரம் விரல் நுனி வேண்டும், ஒவ்வொரு தரமும் எவ்வளவு நேரம்? ஒருநாள் எண்ணிப் பார்த்துச் சொன்னான்: ஏறக்குறைய இருபது வீடு, வீட்டுக்கு அரை நிமிடம். மிச்ச நேரம் கை சும்மா ஸ்ரீயரிங்கைப் பிடிக்கிறது, பெட்டியைத் தூக்குகிறது. பெட்டி தூக்க நுனி வேண்டாம். அதாவது மணித்தியாலத்தில் பத்து நிமிடம் ஊசி பிடிக்கிற கை, ஐம்பது நிமிடம் பை தூக்குகிற கை. இப்படிப்பட்டவனுக்கு ஒரே கையுறையில் இரண்டையும் கேட்டதுதான் இவ்வளவு நாளும் நான் விட்ட பிழை.

எனவே முடிவு: உள்ளே தோலோடு ஒட்டிய மெல்லிய கம்பளி ஐவிரல், அது எப்போதும் கழறாது. வெளியே ஒரே உதறலில் கழன்று விழுந்து கயிற்றில் தொங்குகிற பெரிய மிற்றன். மிற்றனுக்குள் புறங்கைப் பக்கம் இரும்புத்தூள் பொட்டலத்துக்கு ஒரு சின்னப் பை. அரை நிமிடம் வெளியே வேலை, பிறகு திரும்பச் சூட்டுக்குள். தொடர்ந்து விரலால் வேலை செய்பவர்களுக்கு, வாகனம் திருத்துபவர், மீன் வெட்டுபவர் மாதிரியானவர்களுக்கு, வெளி மிற்றனால் பயனில்லை. அவர்கள் உள் கையுறையோடு உடம்பையும் முன்னங்கையையும் நன்றாகச் சூடாக வைத்து, இடைவேளை எடுக்கத்தான் வேண்டும்.

உள் கையுறைக்கு மெரினோக் கம்பளித் துணி வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒரு சொந்தக்காரரிடம் தம்பி தன் பழைய மெரினோ உள்பெனியன்கள் இரண்டைக் கொடுத்துவிட்டான். கமக்கட்டில் ஓட்டை, மற்ற இடம் புதுசு. ஒன்றில் இரண்டு சோடி வந்தது.

வெட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. மலிவுக் கிளவுஸ் விரித்த கையை வைத்து வெட்டப்பட்டது. ஆனால் உங்கள் கையைத் தொடையில் சும்மா வைத்துப் பாருங்கள்; விரல்கள் மடங்கித்தான் கிடக்கும். நேராக வெட்டினால் ஒவ்வொரு தரமும் மடக்கும்போது உள்ளங்கையில் துணி திரளும், புறங்கையில் இழுக்கும். நாள் முழுக்கத் துணியோடு மல்லுக்கட்டியே கை களைக்கும். நான் விரலின் புறத்துண்டைக் கொஞ்சம் நீளமாகவும் உள்துண்டைக் குட்டையாகவும் வெட்டி, முட்டி வருகிற இடத்தில் புறத்தைச் சுருக்கித் தைத்தேன். கையுறை மேசையில் கிடக்கும்போதே ஏதோ பிடித்திருப்பது மாதிரி வளைந்து கிடந்தது. பார்க்க அவலட்சணம், போட்டால் சுகம்.

அடுத்தது நுனித் தையல். வழக்கமாகத் தையல் விரலைச் சுற்றி நுனிக்கு மேலாலே ஓடும். உள்ளே மடிந்த துணி சரியாக நாம் தொடுகிற இடத்தில் ஒரு வரம்பாக நிற்கும். நான் உள்ளங்கைத் துண்டை நுனிக்கு மேலாலே ஏற்றி, தையலை நகத்துக்கு மேலே கொண்டுபோனேன். சதைப்பக்கம் ஒற்றைத் துணி. பூட்டின் ஓட்டையை விரல் தானாகத் தேடிப் பிடிக்கும். விரலுக்கு இடையே வைக்கும் பட்டியை இறுக்கமாக வைத்துவிடக் கூடாது. இறுகினால் இரத்தம் போகாது, பிறகு எந்தக் கம்பளியும் உதவாது. மணிக்கட்டு இலாஸ்ரிக்கும் அப்படியே. இலாஸ்ரிக்கையே விட்டுவிட்டுக் கையுறையை முன்னங்கையின் பாதிவரை நீட்டினேன். விரலை இழுக்கும் தசைகள் அங்கேதானே. வைத்தியர் நாடி பிடிக்கும் இடத்தில் தோலுக்கு நேர்கீழே நாடி ஓடுகிறது. அந்த இடத்துக்கு இரட்டைத் துணி.

போன் விவகாரம் ஒரு தனிக்கதை. தொடுதிரை விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, மின்னைக் கடத்துகிற ஏதாவது தொடுகிறதா என்று பார்க்கும். கம்பளி கடத்தாது. வெள்ளி பூசிய நூல் விற்கிறார்கள், இங்கே கிடைக்கவில்லை. அப்போதுதான் அம்மாவின் கூறையில் கண் போனது. பழைய அசல் சரிகை பட்டு நூலின் மேலே வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றியதுதானே. கிழிந்த முந்தானை ஓரத்திலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு முழ நூல் உருவி, சுட்டுவிரல் நுனியில் உள்ளும் புறமும் ஊடுருவிப் போகும்படி நெருக்கமாக இழையோட்டினேன். உள்பக்கம் தோலைத் தொட வேண்டும், வெளிப்பக்கம் கண்ணாடியைத் தொட வேண்டும், இரண்டும் ஒரே நூலாக இருக்க வேண்டும். முதலில் பயறு அளவுக்குத் தைத்தேன், போன் அசையவில்லை. சின்னிவிரல் நகமளவுக்குப் பெருப்பித்ததும் வேலை செய்தது! இப்போதைய சேலைகளில் வரும் பிளாஸ்ரிக் சரிகையில் செய்து பார்த்தேன், பலனில்லை. அம்மா பிறகு கண்டுபிடித்துவிட்டா. "என்ரை கூறை கனடா போட்டுது" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறா.

வெளி மிற்றனுக்கு உள்ளே பிளீஸ், வெளியே குடைத்துணி. நெருக்கமாக நெய்த நைலோன், காற்றை விடாது. உள்ளங்கைக்கு ரெக்சின் வைத்தது பெரிய பிழை. பிறீசரில் கால் மணித்தியாலத்தில் பலகையாகி, மடித்தபோது வெடித்தது. பிறகு பழைய கைப்பையொன்றின் சுவேட் தோலை வெட்டி வைத்தேன். உள்ளங்கைப் பக்கம் பஞ்சை மெல்லிசாகவும் புறங்கைப் பக்கம் தடிப்பாகவும் வைக்க வேண்டும், ஏனென்றால் ஸ்ரீயரிங்கைப் பிடிக்கும்போது உள்ளங்கைப் பஞ்சு நசிந்து, உள்ளே இருந்த காற்று போய்விடும். நசிந்த பஞ்சு வெறும் பாரம். நுனியில் ஒரு சென்ரிமீற்றர் இடம் விட்டேன், விரல்கள் உள்ளே ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ள. வாயை அகலமாக, ஜக்கெற் கைக்கு மேலாலே ஏறுகிற மாதிரி வெட்டியதால் உதறினால் விழும், பல்லால் கடித்து இழுத்தால் ஏறும். மற்றக் கை தேவையில்லை.

ஐப்பசியில் கொழும்புக்கால் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்: உள் கையுறை மூன்று சோடி, மாற்றிப் போட்டுக் காயவைக்க; வெளி மிற்றன் ஒரு சோடி. தை மாதக் கடைசியில் -19 பாகைக் காலையொன்றில் வீடியோவில் வந்தான். வான் கதவோடு நின்று, மிற்றனை உதறிவிட்டு, ஸ்ரிக்கரைக் கிளப்பி ஒட்டி, ஸ்கானரை அமத்தி, படம் எடுத்துக் காட்டினான். பெருவிரல் நுனி மட்டும் இன்னும் விறைக்கிறதாம். மிற்றனுக்குள் அது தனியே கிடப்பதால் இருக்கும். அடுத்ததில் பெருவிரல் அறையை அகலமாக்கி, தேவையில்லாதபோது அதையும் உள்ளே மற்ற நாலோடு சேர்க்கிற மாதிரி வெட்ட வேண்டும்.

குறை ஒன்றுதான் சொன்னான். இரண்டு மிற்றனையும் கோர்த்த கயிறு கழுத்துக்குப் பின்னால் தெரிகிறதாம், நேசரிப் பிள்ளைக்குக் கட்டிவிட்ட மாதிரி. "அடுத்த தரம் கறுப்பிலை தை அக்கா. கயிறை ஜக்கெற்ரின்ரை கைக்குள்ளாலை விட ஏலுமோ? ஆக்கள் பாக்கினம்." கறுப்புக் குடைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன். கயிற்றின் நீளத்துக்குத்தான் அவன் இன்னும் அளவு அனுப்பவில்லை.